உச்சி வெயிலில் நீண்ட நிழல்

"பாயை இழுடா!"

"அத்தான் இன்னும் தண்ணிக்குள்ள இருக்காரு, கேப்டன்..."

"இழுன்னா இழு! இந்தக் காத்தை விட்டா நாம எல்லாரும் கருவாடுதான்!"

"ரெண்டே நிமிஷம்... நீந்தி வர்றாரு பாருங்க, கையைக் காட்டுறாரு..."

"திருப்பினா காத்து போயிடும்டா!"

சாயங்காலம் ஐந்து மணி. நடுக்கடல். கெஞ்சியவன் என் சிநேகிதியின் தம்பி. பாய்க்கப்பலில் வேலை. தண்ணீரில் இருந்தது அவளுடைய கணவர், அதே கப்பலின் சமையல்காரர்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்...

சூரியன் நேராக உச்சந்தலையில் அடிக்கிற ஒரு பட்டை கடலில் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் காற்றும் தெற்கிலிருந்து வரும் காற்றும் அங்கே முட்டிக்கொள்ளும். முட்டி, சூட்டில் அப்படியே மேலே ஏறிவிடும். கீழே ஒரு மூச்சு கிடையாது. பாயை நம்பிப் போனவன் மாட்டினால் மாட்டினதுதான். இவர்கள் மாட்டிப் பதினோரு நாள். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். பலகை இடுக்கில் தார் உருகி நாறும். வெக்கை தாங்காமல் முறைபோட்டுக் கடலில் இறங்குவார்கள். அன்றைக்குச் சமையல்காரரின் முறை.

தம்பி பாயை இழுத்தான்.

அந்தக் காற்று கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. செத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால்... எண்ணெய் ஊற்றியதுபோலக் கடல். தலை இல்லை. கை இல்லை.

மறுநாள் உச்சி வேளை. தளத்தில் ஐந்து பேர். அவரவர் நிழல் அவரவர் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது. சமையலறை வாசலில் மட்டும் இன்னொன்று. நீளமாக. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆள் நிழல் எவ்வளவு நீளுமோ, அவ்வளவு.

"பாய்மரத்து நிழல்தான். போய் வேலையைப் பாருங்கடா."

"மரத்தோட நிழலே அதன் அடியில சுருண்டு கிடக்கு, கேப்டன்..."

கேப்டன் கோணியை எடுத்து அதன்மேல் போட்டார். நிழல் கோணிக்கு மேலே வந்து படுத்தது.

சொட்... சொட்... சத்தம் கேட்டது. தொட்டுப் பார்த்தால் பலகை கொதிக்கிறது, ஈரமே இல்லை.

அடுத்த உச்சியில் அது தம்பி பக்கம் ஒரு முழம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு முழம். நான்காம் நாள் அதன் தலை அவன் குதிகாலைத் தொட்டது. அந்த வெயிலில்... ஐஸ் மாதிரி.

அன்று சாயங்காலமே நல்ல காற்று பிடித்தது. கரை வரை அந்தக் காற்று ஓயவில்லை.

அக்காவிடம் என்ன சொல்வது? காய்ச்சல் என்பதா, அலை என்பதா? வழி நெடுக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். பட்டப்பகல். தெருவில் ஈ காக்கை இல்லை. கதவு திறந்ததும் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டான், முகத்தைப் பார்க்க முடியாமல்.

"அக்கா... அத்தானுக்கு..."

அவள் கதவைச் சாத்தவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டா, நீ மட்டும் உள்ள வந்துட்டே? அவர் ஏன் சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டு வெயில்லயே நிக்கிறாரு?"