ஊதா வெளுக்கவில்லை

ஹேமாவதி: அரை மணி ஆச்சு துலுக்காணம் அண்ணே. ஊதா ஊதாவாவே நிக்குது. இன்னா இலை கொண்டாந்தீங்க?

துலுக்காணம்: துளசிதாம்மா. எப்பவும் கொண்டாறது...

ஹேமாவதி: எப்பவும் கொண்டாறது இந்நேரம் மஞ்சளாயிருக்கும். இலையில ஆன்டி ஆக்ஸிடன்ட் நல்லா இருந்தா இந்த ஊதா தண்ணியை வெளுத்துடும். அதானே டெஸ்டே! மிஷின் நூத்துக்கு முப்பத்தொண்ணு காட்டுது. போன வாரம் தொண்ணூத்திரண்டு.

துலுக்காணம்: அப்ப முப்பத்தொண்ணுன்னே எழுதிக் குடு. அந்த ரிப்போர்ட்டு எனக்கும் ஒரு காப்பி.

ஹேமாவதி: வெளையாடுறீங்களா? பதினோரு மணிக்கு சரக்கு வாங்க ஜெர்மனிக்காரங்க வராங்க. புதுவாயல் கூட்டு ரோடு வரைக்கும் பேனரு. போன வாரத்து ரிப்போர்ட்டை ஆளுயரத்துக்கு அடிச்சு ஹால்ல நிறுத்தியிருக்காரு மேனேஜரு.

துலுக்காணம்: பார்த்தேன். மாலை போட்டு, குத்துவிளக்கு ஏத்தி... யாரோ பூட்டாங்கன்னு நெனச்சு நான் செருப்பைக் கழட்டிட்டேன்.

ஹேமாவதி: ஐயோ, மெதுவா... அவரே வராரு.

மணவாளன்: ஹேமாவதி! ஐயாயிரம் ஆண்டு மரபுக்கு அறிவியல் தலைவணங்கும் தருணம் இது. இந்த வார ரிப்போர்ட் எங்கே?

ஹேமாவதி: ரீடிங் பார்த்துகினு இருக்கேன் சார். கொஞ்சம் கம்மியா...

மணவாளன்: தொண்ணூத்திரண்டு என்று துளசித் தூள் டப்பாவில் அச்சாகிவிட்டது. டப்பாவை மாற்ற முடியாது. ரீடிங்கை... உனக்கே தெரியும். யாருய்யா நீ?

துலுக்காணம்: டிரையர் ஷெட்டு சார். இருவது வருசமா.

மணவாளன்: ம். பத்து நிமிஷம், ஹேமாவதி.

ஹேமாவதி: பூட்டாரு. இப்ப சொல்லுங்க. உங்களுக்கு எதுக்கு காப்பி?

துலுக்காணம்: ஊட்ல காட்டணும். கனகாம்பாளுக்கு.

ஹேமாவதி: அண்ணிக்கா?

துலுக்காணம்: அஞ்சு மாசமா சுகர் மாத்திரையை வுட்டுட்டாம்மா. காலைல ரெண்டு ஸ்பூன் நம்ம தூளு, சாயங்காலம் ரெண்டு ஸ்பூன். கால் பெருவிரல் கறுத்துப்போச்சு. திருவள்ளூர்ல டாக்டரு, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரு, இல்லாட்டி காலையே எடுக்கணும்ன்றாரு. இவ மாட்டேன்றா.

ஹேமாவதி: அது துளசிண்ணே! சளி புடிச்சா கஷாயம் வெக்கலாம். மாத்திரைக்கு பதிலா சாப்பிடச் சொல்லி நான் எங்க எழுதுனேன்?

துலுக்காணம்: நீ நம்பர் மட்டுந்தான் எழுதுன. சுகரு, பிரஷரு, மூட்டு வலி, மனக்கவலை... மிச்சமெல்லாம் அவுங்க டப்பால எழுதுனாங்க. அதுக்குக் கீழ உன் கையெழுத்து. 'ஹேமா பொண்ணு பொய் எழுதாது'ன்றா.

ஹேமாவதி: அதுக்கும் இன்னிக்கு இலைக்கும் இன்னாண்ணே சம்பந்தம்?

துலுக்காணம்: அதான் இன்னிக்கு ஷெட்டுல இருந்தே அள்ளியாந்தேன். டிரையர் சூட்டுல வெந்து கருகுனது. அதான் டப்பாக்குப் போறது.

ஹேமாவதி: அப்ப இத்தினி நாளு கொண்டாந்தது?

துலுக்காணம்: எங்க மாடித் தொட்டியில இருந்து. கனகா நெழல்ல வேட்டியை விரிச்சு பதமா காயவெப்பா. மூணு வருசம் முன்ன நீதாம்மா அழுத, 'நல்ல இலை வரலேன்னா என் வேலை பூடும்ணே'ன்னு... உனக்கு எங்க தெரியப்போவுது.

ஹேமாவதி: தெரியும்ணே.

துலுக்காணம்: இன்னா தெரியும்?

ஹேமாவதி: பொட்டலத்துல பூக்கட்டுற நாரு சுத்தியிருக்கும். ஷெட்டுல ஏது நாரு? வாராவாரம் அவுத்து குப்பைல போட்டுட்டு, 'ஷெட் சாம்பிள்'னு எழுதுவேன்.

துலுக்காணம்: ...சரி வுடு. நானும் கேக்கல, நீயும் கேக்கல.

ஹேமாவதி: இந்தாங்க. முப்பத்தொண்ணு. கையெழுத்து போட்டுட்டேன். ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணை ஹால்ல அந்த மாலைக்குக் கீழ ஒட்டப்போறேன்.

துலுக்காணம்: உன் வேலை...

ஹேமாவதி: போனா போவுது. நீங்க கெளம்புங்க. கம்பெனி இலை சரியில்லைன்னு காட்டி, அண்ணியை இன்னிக்கே கூட்டிகினு போங்க.

துலுக்காணம்: கீழ இன்னொரு வரி எழுதும்மா. 'இது கனகாம்பாள் வளர்த்த இலை இல்லை'ன்னு.

ஹேமாவதி: அதை எதுக்குண்ணே லேப் ரிப்போர்ட்ல? நீங்க வாயால சொன்னா போதாதா?

துலுக்காணம்: வாயால சொல்லித்தாம்மா இந்தப் பேஜாரு. வாராவாரம் கனகா, 'என் இலை எங்க போவுது'ன்னு கேட்டா. டெஸ்ட்டு முடிஞ்சு சாக்கடைக்குப் போவுதுன்னு சொல்ல மனசு வரல... 'உன் இலையத்தாண்டி அரைச்சு டப்பால போடுறாங்க'ன்னுட்டேன். டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. அவ கம்பெனியை நம்பலம்மா... அவ வெச்ச செடியை நம்பித்தான் மாத்திரையை வுட்டா.