ஒருத்தர்கூடச் சாகாத விமானம்

காபி நான்தான் போட்டேன் மாப்பிள்ளை. சக்கரை தூக்கலா இருந்தா வச்சிடுங்க. உங்க அத்தை மூணு மாசமா அடுப்படிப் பக்கம் வர்றதில்ல.

அத்தை ஏன் ஆஸ்திரேலியாவுக்கு, உங்க பெர்த் ஊருக்கு வரலன்னு மறுபடியும் கேக்கறீங்க. காவேரியோட அஸ்தியைக் கையில எடுத்துக்கினு வந்த புருஷன் நீங்க, கேக்க உரிமை இருக்குது. சொல்றேன்.

ஏழாம் மாசத்துல காவேரிக்கு ரத்தக்கொதிப்பு ஏறினப்போ, எந்நேரமும் கூட ஒரு ஆள் இருக்கணும்னு அங்க டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க சுரங்க வேலைக்குப் போனா திரும்ப ரெண்டு வாரம் ஆவும். அதனால அம்மாவைக் கூப்பிட்டா. விசாவும் வந்துச்சு, டிக்கெட்டும் நீங்களே போட்டு அனுப்பினீங்க. எல்லாம் நியாயம்தான்.

நான் முப்பத்தோரு வருஷம் ஓரிக்கை பஸ் டிப்போவுல மெக்கானிக். கண்ணாயிரம் பார்த்து அனுப்பின வண்டி வழியில நிக்காதுன்னு பேரு. ஓடுற எதைப் பத்தியும் பிள்ளையார்பாளையத்துல என்னைத்தான் கேப்பாங்க. உங்க அத்தையும் கேட்டா. "அந்த ஏரோப்ளேன் நல்ல வண்டியாங்க?"

பார்த்துச் சொல்றேன்னேன். அவ இல்லாத வீடு, நாலு மாசம். அப்பதான் அதை நினைச்சுப் பார்த்தேன். கல்யாணம் ஆன நாள்லேந்து நான் தனியா உக்காந்து சாப்பிட்டதில்ல மாப்பிள்ளை.

மறுநாள் போன்ல ஒரு வீடியோ காட்டினேன். கடல்ல விழுந்த விமானம். அது வேற ரகம். அதை நான் சொல்லல. உங்க அத்தை தறியை விட்டு எழுந்து போய்த் தண்ணி குடிச்சா.

காவேரி விடல. அம்மா ஏறப்போற ரகத்தைப் பத்தின விவரமெல்லாம் எனக்கு அனுப்பினா, இங்கிலீஷ்ல. "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுப்பா, நீ சொன்னாத்தான் பயம் போவும்"னா. படிச்சேன். பதிமூணு வருஷமா பறக்குது, ஊரெல்லாம் பறக்குது, ஒரு பயணிகூடச் சாகல. டிப்போவுல அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததே இல்ல. உங்க அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்துல உக்கார வச்சு, வரி வரியா விரல் வச்சு, நானூத்திப் பன்னெண்டு பேர் செத்திருக்காங்கன்னு படிச்சேன்.

பத்து நாள் அழுதா. பதினோராம் நாள் காலையில தலைக்குக் குளிச்சு, கோயிலுக்குப் போய் வந்து என் எதிர்ல நின்னா.

"விழுந்தா விழட்டுங்க. பொண்ணு அங்க ஒண்டியா கிடக்குது. என்னை ஏத்தி விட்ருங்க."

இதை நான் எதிர்பார்க்கல. சரின்னுதான் சொன்னேன். அவ பிரசவ மருந்தெல்லாம் இடிச்சுப் பையில கட்டிக்கினு இருந்தா. நான் அவ பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்புல போட்டேன். அட்டை லேசுல எரியல. கிளறி விட்டேன்.

ரெண்டு நாள் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினா. நானும் கூடவே தேடினேன், பரண்மேலகூட ஏறினேன். புதுசுக்கு எழுதிப் போடுங்கன்னு நீங்க போன்ல சொன்னீங்க. போட்டாச்சுன்னேன். போடல.

அவ ஏற வேண்டிய விமானம் குறிச்ச நேரத்துக்குப் பெர்த்துல இறங்குச்சு. அது போற வழியை நான் போன்ல பார்த்துக்கினே இருந்தேன். அதுக்கு ஒன்பதாம் நாள், நீங்க சுரங்கத்துல இருந்தப்போ, காவேரி வலிப்பு வந்து குளியலறையில விழுந்தா. பக்கத்து வீட்டுக்காரங்க மறுநாள் கதவை உடைச்சாங்க. அதுக்குள்ள ரெண்டு உயிரும் போயிருந்துச்சு.

உள்ள பெட்டி இழுக்கிற சத்தம் கேக்குது பாருங்க. அவதான். தன் அஜாக்கிரதையாலதான் பாஸ்போர்ட் தொலைஞ்சதுன்னு நினைச்சுக்கினு இருக்கா. இன்னும் தேடறா. விட்ரும்மான்னு தினமும் சொல்லிப் பார்க்கறேன், கேக்கறதில்ல.

இதை நீங்க அவகிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. தாங்க மாட்டா. பாவம், அவளைப் பார்த்துக்கிறதுக்கு என்னை விட்டா வேற யாரு இருக்காங்க?