புறா வித்தை மாத்தயா

சிரிக்காதீங்க ஐயா, தப்பு எங்க மேல மட்டும் இல்லீங்க. தோட்டத்துக் கண்டாக்கையா நேத்து வேலை பிரிக்கிற பெரட்டுல, கொழும்புலருந்து புராவித்யா மாத்தயா வாறாரு, மண்ணு வெட்ட ஆளு வேணும்னு சிங்களத்துல சொல்லிட்டுப் போயிட்டாரு. எங்க காதுல புறா வித்தை காட்டுற ஐயான்னு விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரி வீரம்மா புறாவுக்குப் போட ஒரு சுண்டு அரிசி எடுத்து வச்சிட்டா. ஒங்க பெட்டியத் தொறந்தா நூலும் மண்ணு தட்டுற பிரஸ்ஸும்தான் இருக்கு.

புரான்னா பழசு, வித்யான்னா படிப்பா? சரிதாங்க. தமிழ்ல தொல்பொருள்னீங்களே, அதக் கங்காணி தொல்லைன்னு வெளங்கிக்கிட்டாரு. என்னங்க, தொல்லைன்னாலும் பழசுதானா? அப்ப அவரு சொன்னது சரியாப்போச்சு.

பாத்து வாங்க, வழுக்கும். நான் சின்னராசாங்க, தேயிலை மலையில தண்ணி ஓடக் கான் வெட்டுறவன். மண்ணப் பாத்தே இது முன்ன தோண்டுன எடமான்னு சொல்லிருவேன். நீங்களும் அதானே செய்றீங்க? ஒங்களுக்குத் தொப்பி, எனக்குத் தலையில சாக்கு.

கொத்மலைப் பக்கம் ஒடஞ்ச பானை எடுத்தீங்களாமே? ஆயிரம் வருசத்துப் பானை, இந்த ஊரு மண்ணுல செஞ்சதுன்னு எழுதிக் குடுத்தீங்களா? அதுக்கிட்ட யாரும் பொறப்புச் சேட்டிபிகேட் கேக்கலையா? சும்மா கேட்டேங்க. ஒங்க கையெழுத்துன்னா கச்சேரி ஆபீசுல மறுபேச்சுப் பேச மாட்டாங்கள்ல? சீலும் குத்துவீங்களா? நல்லதுங்க.

இந்தா, இந்தக் கொய்யா மரத்தடிதான். காலையில ஒங்ககிட்ட நான் சொன்ன பழைய சட்டி இதுக்குள்ளதான் இருக்கு. ராசா காலத்துதா? அய்யோ, அப்பிடி நான் சொல்லலீங்களே. பழசுன்னுதான் சொன்னேன். எங்க அப்பாயி இந்த லயத்து வீட்டுலதான் எங்கப்பாவப் பெத்துச்சு. நஞ்சுக்கொடியச் சட்டியில வச்சு இங்க பொதைச்சாங்க. அப்பாவே எடத்தக் காட்டிருக்காரு.

பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டேங்க. ஒங்கப்பன் இலங்கையில பொறந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டுத் தள்ளிட்டாங்க. பதிவும் இல்ல, அவரும் போய்ச் சேந்துட்டாரு. வாற செவ்வாக்கெழம திரும்ப விசாரணை. கடலுக்கு அந்தப் பக்கம் பாக்காத ஊருக்குப் போன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்குங்க.

நீங்க ஒக்காருங்க, சட்டி ஒடையாம நானே மெதுவா வெட்டுறேன். அந்தப் பானைக்கு எழுதுனதையே எழுதுங்க ஐயா. பேர மட்டும் மாத்துனாப் போதும்.