இருபத்தொன்றாவது எதிரொலி

2019 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு, மாசசூசெட்ஸ் கடற்கரையின் ஹாலெட் குடாவில் ரஸ் கட்வொர்த் தன் படகுத்துறையில் இறந்தார். சிப்பி அள்ளுகிறவர். வயது அறுபத்திரண்டு.

அது அருமையான கோடைக்காலம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலடிச் சேற்றில் புதைந்த குண்டுகளை எதிரொலியை வைத்துக் கண்டுபிடிப்பதுதான், இளநிலை மாணவர்களான எனக்கும் டெஸ் லிண்ட்குவிஸ்டுக்கும் கல்லூரி தந்த ஆய்வு. சிமென்ட் அடைத்த இருபது பழைய குண்டுக் கூடுகளைப் பேராசிரியர் புதைத்து, இடங்களின் பட்டியலை உறையிலிட்டு ஒட்டி வைத்தார். பட்டியலில் இல்லாத ஒன்றைக் குண்டு என்று சொன்னால் அது பொய் எச்சரிக்கை, மதிப்பெண் குறையும்.

ரஸ் தன் சிப்பிப் படுகையையே எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். படகும் அவருடையது, மதியச் சிப்பி சூப்பும் அவருடையது. "என்ன சயின்டிஸ்ட், கடல் இன்னைக்காவது உன்கூடப் பேசுச்சா?" என்பார். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

நாங்கள் இருபத்தொன்று கண்டுபிடித்தோம். கடைசியானதன் எதிரொலியை டெஸ் நான்கு தடவை கேட்டாள்.

"சிமென்ட் அடைச்சது தொப்புன்னு அடங்கிடும். இது நீளமா இழுக்குது. போர்க்காலத்துல கடற்படை இங்கதான் சுட்டுப் பழகுச்சுன்னு ரஸ் சொன்னார்ல?"

இறால் பிடிக்கும் பழைய இரும்புக் கூண்டாக இருக்கும் என்றேன்.

"எந்த ஊர்க் கூண்டு இப்படி மணியடிக்கும்?"

பேராசிரியரிடம் நானே சொல்வதாகச் சொல்லி, அவளை அண்ணன் கல்யாணத்துக்கு ஒஹையோவுக்கு அனுப்பிவைத்தேன். பிறகு எங்கள் முடிவுப் பட்டியலில் இருபத்தொன்றாவது வரியை அழித்தேன். உறையைப் பிரித்தார்கள். இருபதுக்கு இருபது, பொய் எச்சரிக்கை பூஜ்யம். எந்த மாணவரும் அதுவரை எடுக்காத மதிப்பெண். பேராசிரியர் என்னைக் கட்டிக்கொண்டார்.

எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று ரஸ் கேட்டபோது, போட்ட இருபதையும் எடுத்துவிட்டோம் என்றேன். அதில் பொய் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாணவர் ஆய்வுக் கண்காட்சி. இரண்டரை மணிக்கு ரஸ் போன் செய்தார். நடுவர்கள் எனக்கு இரண்டு மேசை தள்ளி நின்றார்கள்.

"ஏம்ப்பா, இருபது வரைக்கும் எண்ணத் தெரியாதவங்களையா காலேஜ்ல சேர்க்கிறாங்க? உங்க சிமென்ட் பிள்ளை ஒண்ணு என் சிப்பி அள்ளுற வாருகோல்ல மாட்டி வந்திருக்கு. மேலெல்லாம் துரு. சுத்தியலால தட்டிச் சுத்தம் பண்ணி வைக்கிறேன், நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போ."

தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பார். அவருக்குப் பதில் சொல்லியிருந்தால் நடுவர்களுக்கும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ரொம்ப நன்றி ரஸ் என்றேன். சந்தோஷமாகத்தான் போனை வைத்தார். எனக்கும் மனம் லேசாக இருந்தது. நடுவர்களுக்கு நன்றாக விளக்கினேன்.

ஆமாம், அது என்னவென்று எனக்குத் தெரியும். கருவி தப்பு செய்யவில்லை. அது சொன்ன இருபத்தொன்றும் குண்டுகள்தான்.

நான்கு மணிக்கு முதல் பரிசை அறிவித்தார்கள். எங்கள் முடிவு அட்டவணை இன்னும் அந்தக் கண்காட்சிக் கூடத்துச் சுவரில் இருக்கிறது. பொய் எச்சரிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டிருக்கிறது. அது சரிதான்.