வாஞ்சூரில் பிடிபட்ட ரீல்

அந்த நாற்காலியில ஒரு கால் ஆடும், பார்த்து உக்காருங்க ஐயா. காலையில எனக்கு வேலையே இந்தத் தரை டிக்கெட்டு மணலைச் சலிக்கிறதுதான். விட்டா வெத்தலை எச்சிலும் கடலைத் தோலுமா நாறிப்போகும். நீங்க திருச்சியிலேர்ந்து வந்திருக்கீங்க, நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல. ஏட்டையா நிதானமா எழுதட்டும்.

என் பேரு யாகப்பன். தலத்தெருவுல இந்த டெண்டு சினிமாக் கொட்டகை என்னுது. செத்துப்போன ஆரோக்கியசெல்வி, என் அக்கா சகாயம்மாள் பெத்த ஒரே மக. அவ தகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன் போனவரு, திரும்பலை. அன்னையிலேர்ந்து அந்த வீட்டு அரிசி பருப்பு, அவ பாவாடை சட்டை, கொலுசு எல்லாம் என் கையாலதான். நான் கல்யாணம் பண்ணிக்கலை. தாய்மாமன் காத்துக்கிட்டு இருக்கறது எங்க பக்கம் அதிசயம் இல்ல. எங்க வேதத்துல அதுக்கு மேற்றிராணியார், அதான் பிஷப்பு, அனுமதி வேணும், பங்குச் சாமியார்கிட்ட அதையும் விசாரிச்சு வச்சிருந்தேன். அவகிட்ட சொல்லலை. சொல்ல என்ன இருக்கு, வேற யாருக்குக் கொடுத்துடப் போறாங்க.

நாகப்பட்டணத்துல பள்ளிக்கூடம் முடிச்சுட்டு வந்தவ, திருச்சிக்குப் போய் காலேஜ் படிக்கிறேன்னா. அக்காவும் தலையாட்டிட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு வயிறு எரிஞ்சுது, அதை மறைக்க மாட்டேன்.

நான் காலேஜ் வாசப்படி மிதிச்சவன் இல்ல. ஆனா காலேஜ் படம் எத்தனையோ ஓட்டியிருக்கேன். மர்மப் படம் எடுக்கிறவன் எவனும் காலேஜை விட்டு வைக்கறதில்ல. கண்ணாடி போட்ட புரொபசர் ஒருத்தர் இருப்பார், அவர் மேஜையில குடுவை குடுவையாப் புகைஞ்சுகிட்டே இருக்கும். விடுதி வராந்தாவுல விளக்கு படக்குனு அணையும். டென்னிஸ் மட்டையோட ஒரு பணக்காரப் பையன் கார்ல வருவான், அவன் கோட்டுப் பையில ஏதோ ஒரு போட்டோ. படிக்கிற காட்சி மட்டும் மருந்துக்குக்கூட இருக்காது. புஸ்தகத்தை மாரோட அணைச்சுக்கிட்டு ஒருத்தி சிரிச்சுக்கிட்டே வந்தான்னா, அடுத்த ரீல்ல அவ பொணம். எடுக்கிறவனெல்லாம் பட்டணத்துக்காரன், காலேஜ் பார்த்தவன். அவனே சொல்றப்போ நான் யாரு மறுக்க?

அப்பத்தான் அந்தப் படம் வந்துச்சு. நாகூர்ல முன்னாடியே பார்த்துட்டேன். விடுதிப் பொண்ணு ஒருத்தி குளத்துல மிதப்பா, ஊரே புரொபசரைச் சந்தேகப்படும். கடைசி ரீல்லதான் தெரியும், கொன்னவன் அவளை எடுத்து வளர்த்த கார்டியன்னு. வீட்டுலேர்ந்து பலகாரம் கட்டிக்கிட்டு வந்தவன். எனக்கு அந்த முடிவு பிடிக்கலை. ரத்த சம்பந்தம் உள்ளவனை இப்படிக் காட்டினா எந்தக் குடும்பம் உருப்படும், நீங்களே சொல்லுங்க.

அதனால கடைசி ரீலை ஓட்டலை. அப்ப இங்க பிரெஞ்சுக் கொடி, அந்தப் பக்கம் உங்க கொடி, நடுவுல வாஞ்சூர்ல சுங்கச்சாவடி. சென்ட் பாட்டில்லேர்ந்து சீமைப் பேனா வரைக்கும் பிடுங்கி வச்சுக்குவாங்க. பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கிட்டு திரைக்கு முன்னாடி நின்னேன். "கடைசி ரீலை வாஞ்சூர்ல பிடிச்சு வச்சுட்டாங்க, கதையை நானே சொல்றேன், கேளுங்க"ன்னேன். ஒருத்தர்கூடச் சந்தேகப்படலை. சுங்கக்காரனைத்தான் திட்டினாங்க. புரொபசர்தான் கொலைகாரன், தூக்குல போட்டாங்கன்னு சொல்லி முடிச்சேன். மணல்ல உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் மூக்கைச் சிந்தினாங்க.

ஆப்பரேட்டர் நாகூர் மீரானுக்கு மட்டும் தெரியும். "முதலாளி, அல்லாவுக்குப் பொறுக்காது, இன்னொருத்தன் கதையில கை வைக்கிறீங்களே"ன்னான். "நீ மெஷின்ல கார்பன் குச்சியைப் பாரு"ன்னு சொல்லிட்டேன்.

படம் பார்த்த அக்கா அன்னைக்கே அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிட்டா. காலேஜும் வேணாம் கத்தரிக்காயும் வேணாம்னுட்டா. நான் வாயே திறக்கலை. அதுதான் அழகுன்னு நினைச்சேன்.

ஆரோக்கியசெல்வி சர்டிபிகேட் வாங்க நாகப்பட்டணம் போனா. அங்க சிநேகிதியோட அதே படத்தை முழுசாப் பார்த்துட்டா. நேரா இங்க வந்து, இந்த மேஜையில கையை ஊணிக்கிட்டுச் சிரிச்சா.

"மாமா, உங்க புரொபசர் பாவம். தூக்குல போட்டது கார்டியனையாமே."

நான் டிக்கெட்டுக் கட்டை எடுத்து எண்ண ஆரம்பிச்சேன்.

"அம்மாகிட்ட நான் சொல்லலை. நீங்களே போய்ச் சொல்லி என்னை அனுப்பி வைங்க. இல்லேன்னா தலத்தெரு பூராவும் கடைசி ரீலை நான் ஓட்டுவேன்."

விளையாட்டாத்தான் சொன்னா. கண்ணுல நீர் வர்ற அளவுக்குச் சிரிச்சா. நான் தூக்கி வளர்த்தவ என்னைப் பார்த்து அப்படிச் சிரிச்சதில்ல அதுவரைக்கும். நானே போய் அக்காவைச் சமாதானம் பண்ணி, நானே ரயிலேத்தி விட்டேன்.

அதுக்கப்புறம் காத்திருந்தேன். என்ன தப்பு? ஊர் கூடியிருக்கிற இடத்துல காலேஜ் ஆபத்துன்னு சொல்லியிருக்கேன், ஆபத்து வரணும் இல்லையா. ஒரு மண்ணும் வரலை. லீவுக்கு வந்தவ கன்னத்துல சதை வச்சு, பளபளன்னு இருந்தா. "அங்க என்னடி நடக்குது"ன்னு கேட்டா, "மணி அடிப்பாங்க, பூசை, வகுப்பு, உப்பில்லாத சாம்பார்"ங்கிறா. "புரொபசருக்குக் குடுவையெல்லாம் இல்ல மாமா, எங்க தமிழ் ஐயா திருஞானசம்பந்தத்துகிட்ட மூக்குப்பொடி டப்பாதான் இருக்கு"ன்னு அக்காவும் மகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. தலத்தெருவுல இன்னும் ரெண்டு வீட்டுல பொண்ணுங்களை அனுப்பலாமான்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. படிச்சு முடிச்சதும் டீச்சர் வேலைக்குப் போவேன், கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னா. அதையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னா.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. எல்லை தாண்டப் பெர்மிட் எடுத்துக்கிட்டு, அக்கா சுட்ட அதிரசத்தைக் கட்டிக்கிட்டு, ஞாயித்துக்கிழமை பார்த்துத் திருச்சிக்குப் போனேன். காலேஜை அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தேன். பொண்ணுங்க தலை ஆத்திக்கிட்டு, துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒரு விளக்குகூட அணையலை. கேட்டுல விடுதிக் கன்னியாஸ்திரி மதர் "நீங்க யாரு"ன்னாங்க. தாய்மாமன்னேன். கதவைத் திறந்துவிட்டு, வெளியில கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்கன்னு அவங்களே அனுப்பி வச்சாங்க. வேற யாரா இருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பாங்க. கட்டுக்காவல் நல்ல காவல்தான், குறை சொல்ல மாட்டேன்.

காவிரியில தண்ணி நிறையப் போய்க்கிட்டு இருந்துச்சு. மழை தூறல், படித்துறையில ஆள் இல்ல. ஊருக்கு வந்துடுன்னு கேட்டேன். மாட்டேன்னா. கட்டிக்கிறேன்னும் சொன்னேன், அதையும் எழுதிக்கங்க. அவ முகம் ஒரு மாதிரியாப் போச்சு. "என்ன மாமா இது, நீங்க எனக்கு அப்பா மாதிரி"ன்னா. அப்புறம் என்னைச் சமாதானப்படுத்தத்தானோ என்னவோ, கால் நனைச்சுட்டுப் போகலாம்னு படியில இறங்கினா. எனக்குத் திருவேட்டக்குடிக் கடல்ல நீந்தின பழக்கம். அவளுக்கு நீச்சல் தெரியாது. பொட்டப்பிள்ளைக்கு எதுக்குன்னு நான்தான் கத்துக்க விடலை. முதுகுல ஒரு கை வச்சேன். ஒரே கைதான்.

தமிழ் ஐயாகிட்ட புஸ்தகம் வாங்கணும்னு தெருமுனையில இறங்கிக்கிட்டான்னு மதர்கிட்ட சொல்லிட்டு, அன்னைக்கே வாஞ்சூர் தாண்டி வந்துட்டேன். பொணம் கீழே மதகுல ஒதுங்கினப்போ, ஊர் என்ன சொல்லிச்சு தெரியுமா? அப்படியே படத்துல வந்த மாதிரின்னுச்சு. அந்தத் தமிழ் ஐயாவுக்கு வேலை போச்சு, ஊரை விட்டும் போனாரு. உங்க ஆளுங்க அவரைத்தான் சுத்திச் சுத்தி வந்தாங்க. எல்லை தாண்டி என்னைக் கேக்க அப்ப உங்களுக்கு அதிகாரம் இல்ல.

இப்ப கொடி மாறிடுச்சு, சுங்கச்சாவடியும் இல்ல. போன வாரம் கோட்டுச்சேரிக் கொட்டகையில அந்தப் படத்தை மறுபடி போட்டிருக்கான், முழுசா. அக்கா பார்த்துட்டா. நேரா வந்து, "அதிரசம் சுட்டுக் கொடுத்தேனேடா பாவி"ன்னு மட்டும் சொன்னா. நான் மறுக்கலை. அவளே இங்க ஸ்டேஷனுக்கு நடந்து போய் உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொல்லியிருக்கா.

எனக்கு வருத்தம் உண்டான்னு கேக்குறீங்க. அதுக்கப்புறம் இந்தத் தெருவுலேர்ந்து ஒரு பொண்ணும் காலேஜுக்குப் போகலை. எல்லாம் கட்டிக்கொடுத்து, பிள்ளை பெத்து, உசிரோட இருக்கு. அதுக்கு எனக்கு எவனாவது நன்றி சொன்னானா?

கையெழுத்துப் போடறேன், கொடுங்க. ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு, அதையும் சேர்த்துக்கங்க. காப்பாத்தணும்னு நினைச்சா கூப்பிட அவளுக்கு எத்தனை பேர் இருந்தாங்க. மதர் இருந்தாங்க, அந்தத் தமிழ் ஐயா இருந்தாரு, மாதாவே இருந்தாங்க. தண்ணி இழுத்துக்கிட்டுப் போறப்போ கையை என் பக்கமா நீட்டி, "மாமா, மாமா"ன்னுதான் கூப்பிட்டா. கடைசி வரைக்கும் அவ நம்பினது என்னைத்தான் ஐயா.