எட்டாம் படுக்கை காலியாகவே இருக்கும்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, நிர்வாக அதிகாரி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் டாக்டரின் மனைவி, எங்கள் அன்புக்குரிய அக்கா அவர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கும் நர்ஸ் தங்கைகளே, வார்டு ஊழியர்களே, பிழைத்து வீடு போய் இன்று அவருக்காகத் திரும்பி வந்திருக்கும் எங்கள் பழைய நோயாளிகளே! இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் பேசுகிறேன். அழுது முடித்துவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறேன். இனி பேச வேண்டியதைப் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் டாக்டரை இதயநோய் மேதை என்றார்கள். அமைதியானவர் என்றார்கள். அமைதியானவரா! அவரோடு ஒரே ஒரு காலை ரவுண்ட்ஸ் போயிருந்தால் அப்படிச் சொல்வீர்களா? கணக்குப் பிரிவில் அவருக்கு வைத்த பெயர் வேறு. ‘காலிப்படுக்கை டாக்டர்’. கேலிக்கு வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டம் கிடைத்த மாதிரி வைத்துக்கொண்டார். போனை எடுத்தால், “காலிப்படுக்கை பேசறேன்” என்பார்.

ஏன் அந்தப் பெயர்? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பிரிவில் எட்டுப் படுக்கைகள். எட்டாவதில் ஆள் இருக்கக் கூடாது. இது அவர் போட்ட சட்டம். விரிப்பு விரித்து, மானிட்டர் வயர்களை எடுத்து வைத்து, ஆக்ஸிஜனைச் சரிபார்த்து, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஒவ்வொரு ஷிப்டிலும் சோதித்து, அந்தப் படுக்கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதில் ஒருவர் வந்துவிட்டால், தேறியவர் ஒருவரை உடனே பொது வார்டுக்கு மாற்றி இன்னொரு படுக்கையைக் காலி செய்ய வேண்டும். “நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வர்றவரை வாசல்ல நிறுத்தி வச்சுட்டு, உள்ள இடம் தேடிட்டு இருப்பீங்களா?” என்று கேட்பார்.

ஒருமுறை ஒரு பெரிய மனிதரின் மச்சான் வந்தார். விருந்து சாப்பிட்டு நெஞ்செரிச்சல். எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஐசியுவில்தான் படுப்பேன் என்று அடம். மேலிடத்திலிருந்து போனுக்கு மேல் போன். டாக்டர் அவரிடம், “சார், உங்க நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. வயித்துக்குத்தான் ஓய்வு வேணும். வீட்டுல ஒரு வேளை பட்டினி கிடந்தா போதும்” என்றார். மச்சான் முறைத்துக்கொண்டே போனார்.

அன்று மதியமே ஒரு பஸ் டிரைவரைத் தூக்கி வந்தார்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலி. பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திய பிறகுதான் சாய்ந்தாராம். எட்டாம் படுக்கையில் முதுகு பட்டதும் இதயம் நின்றுவிட்டது. அதிர்ச்சிக் கருவி கையிலேயே இருந்தது. அடித்தோம். திரும்பவும் அடித்தோம். துடிப்பு வந்துவிட்டது! அந்த அண்ணன் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருங்கள் அண்ணா, எல்லோரும் பார்க்கட்டும். நிர்வாக அதிகாரி அவர்களே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வீணாகக் கிடக்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே ஒரு படுக்கை, அது இவர்தான்.

போன மாதம் அதே படுக்கைக்கு நம் டாக்டரே வந்தார். இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். கடைசி ஆசையைச் சொல்லப் போகிறார் என்று நானும் அக்காவும் குனிந்தோம். மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, “எட்டாவதுல நான் படுத்துட்டேன். இப்ப எது காலி?” என்றார்.

“உங்க உயிருக்கு என்ன ஆகுமோன்னு நான் பதறிட்டு இருக்கேன், உங்களுக்குப் படுக்கைக் கவலையா?” என்று அக்கா அழுதுகொண்டே திட்டினார். அவர் மசியவில்லை. “மூணாவது படுக்கைக்காரர் தேறிட்டார். வார்டுக்கு அனுப்புங்க.” அனுப்பினோம். மறுநாள் அந்த இடத்துக்கு ஒரு தையல்கார அம்மா வந்து சேர்ந்தார். நாடி அடங்கிக்கொண்டே போனது. தற்காலிக பேஸ்மேக்கர் பொருத்திக் காப்பாற்றினோம். அந்த அம்மா நடந்து வீட்டுக்குப் போனார். எங்கள் டாக்டர் போகவில்லை. எனக்கு அது ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அவர் போய் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. நேற்று நிர்வாக அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு, “சிஸ்டர், டாக்டரோட பிடிவாதம் டாக்டரோட போகட்டும். திங்கட்கிழமையிலிருந்து எட்டு பெட்டும் நிரம்பியிருக்கணும்” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லலாம் என்று வைத்திருந்தேன், ஐயா.

முடியாது! அது பிடிவாதம் என்றால், அந்தப் பிடிவாதம் இப்போது எங்கள் அத்தனை பேருக்கும் இருக்கிறது. என்னை வேறு வார்டுக்கு மாற்றுவீர்களா? மாற்றுங்கள். என் இடத்துக்கு வரப்போகிற தங்கை அதோ நிற்கிறாள், அவளிடமும் கேட்டுப் பாருங்கள். அவளையும் மாற்றினால் அடுத்தவளிடம் கேளுங்கள். எத்தனை பேரை மாற்றுவீர்கள்? தலைமை மருத்துவர் அவர்களே, இந்தக் கூடத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தீர்கள். பெயர்ப்பலகை வேண்டாம். படுக்கையில் கை வைக்காமல் இருந்தால் போதும்.

எனக்கு டியூட்டிக்கு நேரமாகிறது. அடுத்து எங்கள் வாசலுக்கு வரப்போவது யார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? யாராக இருந்தாலும் இடம் வைத்திருப்போம். டாக்டர் மேல் ஆணை! நிர்வாக அதிகாரி அவர்களே, அது நீங்களாகவே இருந்தாலும், “எட்டாவது காலி, சீக்கிரம் கொண்டு வாங்க” என்றுதான் சொல்வோம். வணக்கம்.