இடது பாதையில் நூற்றுப் பன்னிரண்டு காலடி

ஒரு நாள் நடைக்கு மலைப்பாதை தேர்ந்தெடுக்கிறவர்கள் பெரும்பாலும் உச்சியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எந்த மலை தோதுப்படும் என்று தானே தெரிந்துவிடும்.

நான் அப்படித்தான் தேர்ந்தெடுப்பேன், ஐயா. பகலில் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிற வேலை. மாலையில் எழுத்து வகுப்பு. தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது ஆசிரியர் சொன்னது. திருப்பித் தரும்போது ஓரத்தில் ஒரு டிக் இருக்கும், அவ்வளவுதான். ஒருமுறை மை ஈரத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒட்டியபடியே திரும்பி வந்தன.

வகுப்பில் ஒன்பது பேர் மாதத்தில் இரண்டு ஞாயிறு மலைக்குப் போவோம். நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பாதைத் தாள் தயாரிப்பது என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். தூரம், ஏற்றம், நிழல், தண்ணீர், எங்கே திரும்புவது எல்லாம் அதில் இருக்கும். முந்தைய வாரமே தனியாக நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

“ஸ்கேலு, இதையெல்லாம் யாருப்பா படிக்கிறது? எல்லாத்தையும் நீயே நடந்து முடிச்சிட்டா எங்களுக்கு என்ன மிச்சம்?” என்பார் தபால்காரர். ஸ்கேல் என்பது எனக்கு அவர் வைத்த பெயர். அவர் முன்னால் நடப்பார், மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்து நடப்பார்கள். என் தாளில் பிஸ்கட் வைத்துச் சாப்பிடுவார்கள்.

தையல் கடை அக்கா மட்டும் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைப்பார். ஆனால் பத்திரப்படுத்துவது வேறு, படிப்பது வேறு.

அதனால் ஒரு சோதனை வைத்தேன். மேட்டின் மேல் உட்கார ஒரு கல் பெஞ்சு உண்டு என்று எழுதினேன். அங்கே பெஞ்சு கிடையாது. யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை ஓடையில் மரப்பாலம் என்று எழுதினேன். தபால்காரர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். எல்லோரும் இறங்கினார்கள். பாலம் எங்கே என்று ஒருவராவது கேட்பார் என்று கரையிலேயே கடைசிவரை நின்றேன்.

மூன்றாவது தாளில், பாதை இரண்டாகப் பிரிகிற ஒரு பிரிவு வந்தது. வலது பாதைதான் சரி. இடது பாதை நூற்றுப் பன்னிரண்டு காலடியில் முடிந்துவிடும். மண் சரிந்து கீழே பள்ளம். விளிம்பில் புல் மட்டும் தொங்குவதால் பாதை தொடர்வதுபோலவே இருக்கும். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பிறகு ‘பிரிவில் இடது பக்கம் திரும்பவும்’ என்று எழுதினேன். யாரும் படிப்பதில்லை என்றால் யாருக்கும் ஆபத்தில்லை. இதை அன்றைய நாட்குறிப்பிலும் எழுதியிருக்கிறேன். டிக் விழுந்திருக்கிறது.

அந்த ஞாயிறு மூடுபனி. மற்றவர்கள் தபால்காரரோடு வலது பக்கம் போய்விட்டார்கள். அக்கா முட்டி வலியால் பின்தங்கிவிட்டார். அவருக்கும் பின்னால் நான் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பிரிவில் நின்று தாளை விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் அளந்து கொடுத்த கண்ணாடி. உதடு அசையப் படித்தார்.

“தம்பி, இடதுன்னுல்ல போட்டிருக்கே? அவங்க பாட்டுக்குப் போறாங்களே.”

“ஆமாக்கா,” என்றேன். அது பொய்யில்லை. அப்படித்தான் போட்டிருந்தது.

“போகட்டும் விடு. அசடு வழியத் திரும்பி வருவாங்க பாரு,” என்று சிரித்தார். என் பக்கம் சேர்ந்துகொண்டு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு இடது பக்கம் நடந்தார்.

நான் எண்ணத் தொடங்கினேன். ஆள் தெரியவில்லை, காலடிச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். என் அளவு தப்பாகிவிட்டதோ என்று சங்கடமாக இருந்தது. எனக்கு எப்போதும் அந்தச் சந்தேகம் உண்டு. பிறகுதான் உறைத்தது, அவருடைய காலடி என்னுடையதைவிடச் சின்னது. நூற்று முப்பத்தொன்றில் நின்றது. கூப்பிடப் பத்தொன்பது காலடி நேரம் இருந்தது. கூப்பிடவில்லை. கணக்குச் சரியா என்று தெரிய வேண்டியிருந்தது.

இந்த அறைக்கு வெளியே வராந்தாவில் யாரோ நடக்கிறார்கள், ஐயா. சின்னச் சின்னக் காலடி. ஒவ்வொரு முறையும் நூற்று முப்பத்தொன்றில் நின்றுவிடுகிறது. யாரும் இல்லை என்கிறீர்கள். வராந்தா அவ்வளவு நீளமும் இல்லை. முப்பது காலடிதான், வரும்போதே எண்ணினேன்.

அக்காவின் தையல் மெஷின் இழுப்பறையில் கிடைத்ததாகச் சொல்லி என் பழைய தாள்களை நேற்று மேசையில் வைத்தீர்கள். கல் பெஞ்சுக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: ‘பெஞ்சு இல்லை. தம்பி பார்த்துட்டு வந்த பிறகு யாரோ எடுத்திருப்பாங்க. கேட்டா வருத்தப்படுவான்.’ மரப்பாலத்துக்குப் பக்கத்தில்: ‘மழையில போயிருக்கும்.’

ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்.

நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெஞ்சு எங்கே தம்பி என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் இடது என்று எழுதியிருக்கவே மாட்டேன். அவர் பக்கமும் தப்பு இருக்கிறது, ஐயா. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.